வீடியோவுக்கு கேமரா வாங்கப் போறீங்களா? மொத்தப் பணத்தையும் பாடியில் கொட்டாதீங்க!

யூடியூப் சேனல், இன்ஸ்டா ரீல்ஸ், ஷார்ட் ஃபிலிம், ஆன்லைன் கிளாஸ்... காரணம் எதுவா இருந்தாலும் 'நல்லதா ஒரு கேமரா வாங்கணும்' என்ற எண்ணம் ஒருநாள் வந்துவிடும். அடுத்த நிமிஷமே ரிவ்யூ வீடியோ பார்க்க ஆரம்பிப்போம். பத்து வீடியோ பார்த்து முடிக்கும்போது பத்து மாடல் பெயர் மண்டைக்குள் ஓடும். எதை வாங்குவது என்ற குழப்பம் மட்டும் முன்பைவிட அதிகமாகியிருக்கும்.

லென்ஸோடு சேர்த்து ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்க இன்று அரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷமே ஆனவர்களுக்கு இது இரண்டு, மூன்று மாதச் சம்பளம். இ.எம்.ஐ-யில் வாங்குபவர்கள்தான் அதிகம். தப்பான கேமராவை வாங்கிவிட்டால் அது பீரோவில் தூங்கும், தவணை மட்டும் மாசாமாசம் போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் மாடல் பெயருக்குப் போவதற்கு முன்னால் ஒரு கணக்கை மனசில் வெச்சுக்கோங்க. உங்க பட்ஜெட்டை மூணு பங்கா பிரிங்க. ரெண்டு பங்கு கேமராவுக்கும் லென்ஸுக்கும். மீதி ஒரு பங்கு மைக், லைட், டிரைபாட், கார்டு, பேட்டரிக்கு. இந்த மூணாவது பங்கைத் தொடவே கூடாது. ஏன்னு கீழே பார்க்கலாம்.

முதல் கேள்வி: போன் போதாதா?

அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015-ல் வெளியான 'டேஞ்சரின்' படத்தை ஐபோன் 5எஸ்-ல்தான் எடுத்தார். அந்தப் போன் சந்தைக்கு வந்தது 2013-ல். இன்று உங்க பாக்கெட்டில் இருப்பது அதைவிட வசதிகள் கூடிய போனாகத்தான் இருக்கும்.

பகல் வெளிச்சத்தில், ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசும் வீடியோ என்றால் போனே தாராளம். மைக்கும் டிரைபாடும் மட்டும் வாங்கி ஒரு பத்து வீடியோ போட்டுப் பாருங்க. அதற்கு அப்புறமும் 'போன் இங்கே என்னைத் தடுக்குது' என்று நீங்க விரல் வெச்சுச் சொல்ல முடிந்தால், கேமரா வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

போன் நிஜமாகவே திணறும் இடங்கள் சில உண்டு. இரவு நேரக் கோயில் திருவிழா, மண்டபத்தின் மங்கலான வெளிச்சம் போன்ற இடங்களில் படம் புள்ளி புள்ளியாக உடையும். மேடையில் தூரத்தில் நிற்பவரை ஜூம் செய்தால் முகம் குழையும். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டால் சூடாகும், ஸ்டோரேஜ் நிறையும், நடுவில் யாராவது கால் பண்ணுவார்கள். உங்க பிரச்னை இதில் ஒன்று என்றால் மேலே படிங்க.

எதை எடுக்கப் போறீங்க?

'எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு கொடுங்க' என்று கடையில் கேட்டால், கையில் இருக்கும் ஸ்டாக்கைத்தான் கொடுப்பார்கள். பதிலை நீங்களே முடிவு பண்ணிட்டுப் போங்க.

நடந்துகொண்டே பேசும் வ்லாக், பயணம் என்றால் கையில் அடங்கும் சின்ன கேமரா போதும். டி.ஜே.ஐ ஆஸ்மோ பாக்கெட் 3-ல் 1 இன்ச் சென்சாரும், குலுங்காமல் பிடிக்கும் கிம்பலும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் லென்ஸ் மாற்ற முடியாது, ஆப்டிகல் ஜூம் கிடையாது, சாதாரண மைக்கைச் செருகும் 3.5 எம்.எம் ஜாக்கும் நேரடியாக இல்லை.

பைக் ரைடு, நீச்சல், டிரெக்கிங் என்றால் கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா. தண்ணீர், தூசு, அடி எதற்கும் அசராது. ஆனால் சென்சார் சின்னது என்பதால் இரவில் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.

சமையல், பேட்டி, ஷார்ட் ஃபிலிம், பொருள்களைக் காட்டும் வீடியோ, கல்யாண வேலை இவற்றுக்கெல்லாம் லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ்தான் சரி. பின்னணி மங்கலாகி முகம் தனித்துத் தெரிவதும், வெளிச்சம் குறைந்த இடத்தில் தாக்குப்பிடிப்பதும் பெரிய சென்சார், அகலமாகத் திறக்கும் லென்ஸ் இரண்டும் சேரும்போதுதான் கிடைக்கும். பட்ஜெட் மிரர்லெஸ்களில் அதிகம் பார்ப்பது ஏ.பி.எஸ்-சி சென்சார். அது சுமார் 23.5 எம்.எம் அகலம், 15.6 எம்.எம் உயரம். 1 இன்ச் சென்சார் என்பது 13.2-க்கு 8.8 எம்.எம் மட்டும்தான். ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, ஏ.பி.எஸ்-சி மூணு மடங்கு பெரிசு என்பது புரியும்.

அரங்கேற்றம், பட்டிமன்றம் மாதிரி இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டிய நிகழ்ச்சி என்றால், ரெக்கார்டிங் நேரத்துக்கு வரம்பு இருக்கா என்று முதலில் பாருங்க. பழைய ஸ்டில் கேமராக்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடியில் வீடியோ தானாக நின்றுவிடும். ஐரோப்பாவில் 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கேமராவை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் சுங்க வரி போட்டார்கள். அதைத் தவிர்க்க கம்பெனிகள் வெச்ச வரம்பு அது. புது மாடல்களில் தளர்ந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் மட்டும் கட்டாயம் விசாரிக்கணும்.

பெட்டியில் '4கே'ன்னு போட்டிருந்தா போதுமா?

போதாது. பட்ஜெட் கேமரா வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

கேனான் ஆர்100 கேமராவை எடுத்துக்கோங்க. விலை குறைவு, 4கே உண்டு. கூடவே வரும் கிட் லென்ஸ் 18 எம்.எம்-ல் தொடங்கும். கேனானின் ஏ.பி.எஸ்-சி சென்சாருக்கு 1.6-ஆல் பெருக்கினால், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 29 எம்.எம். நல்ல அகலம்தான். ஆனால் 4கே-வை ஆன் செய்ததும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே கேமரா பயன்படுத்துகிறது. இன்னொரு 1.55 மடங்கு வெட்டு விழுகிறது. 29 எம்.எம் இப்போது 45 எம்.எம் ஆகிவிடும். போன்களின் மெயின் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 எம்.எம். கையை நீட்டிப் பிடித்து செல்ஃபி வீடியோ எடுத்தால் ஃப்ரேம் முழுக்க உங்க முகம்தான் இருக்கும்!

அதோடு, 4கே-யில் இந்த கேமராவின் வேகமான ஃபேஸ் டிடெக்ட் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும் கேனான் எம்50-யிலும் இதே கதைதான். ரெண்டிலும் ஃபுல் ஹெச்.டி-யில் இந்தப் பிரச்னை இல்லை. 'ஃபுல் ஹெச்.டி-யே எனக்குப் போதும்' என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். 4கே-க்காகவே வாங்குபவர்கள் வேண்டாம்.

எந்த மாடலாக இருந்தாலும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:

1. 4கே-யில் படம் வெட்டுப்படுதா? எத்தனை மடங்கு?
2. 4கே-யிலும் முகத்தைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யுதா?
3. ஒரே மூச்சில் எத்தனை நிமிஷம் ஓடும்? நம்ம ஊர் வெயிலில் சூடாகி நிற்குமா?
4. எலெக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் போட்டால் இன்னும் எவ்வளவு வெட்டும்?

நாலாவது கேள்வி முக்கியம். பட்ஜெட் கேமராக்கள் பலவற்றில் பாடிக்குள் சென்சாரை அசைத்து அதிர்வைக் குறைக்கும் வசதி இருக்காது. படத்தின் ஓரங்களை வெட்டித்தான் ஆட்டத்தைக் குறைக்கும். நடந்துகொண்டே பேசுபவர்கள் இதைக் கடையிலேயே ஆன் பண்ணி, கையை நீட்டிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

இதெல்லாம் இல்லைன்னா வாங்காதீங்க!

3.5 எம்.எம் மைக் ஜாக், பக்கவாட்டில் திறந்து முன்பக்கம் திரும்பும் ஸ்கிரீன், முகத்தையும் கண்ணையும் விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ். வீடியோவுக்கு இந்த மூணும் கட்டாயம். தனியாளாக ஷூட் செய்பவருக்கு இதில் ஒண்ணு குறைந்தாலும் தினமும் அவஸ்தைதான்.

இருந்தால் நல்லது என்ற பட்டியலில் ஹெட்போன் ஜாக், யு.எஸ்.பி மூலம் பவர் பேங்கில் ஓடும் வசதி, 10 பிட் ரெக்கார்டிங் ஆகியவை வரும். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள், 10 பிட்டில் 1,024. எடிட்டிங்கில் கலரை இழுத்து வேலை செய்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எடுத்ததை அப்படியே போடுபவர்களுக்கு 8 பிட்டே போதும்.

மெகாபிக்ஸல் எண்ணை மட்டும் மறந்துடுங்க. ஒரு 4கே ஃப்ரேம் என்பது 3,840-க்கு 2,160. அதாவது வெறும் 83 லட்சம் பிக்ஸல். 20 மெகாபிக்ஸலா, 26 மெகாபிக்ஸலா என்பதை வெச்சு வீடியோவின் தரத்தைச் சொல்லிவிட முடியாது.

சரி, எந்த மாடல்களைப் பார்க்கலாம்?

சோனி இசட்.வி-இ10: 2021-ல் வந்தது. மைக், ஹெட்போன் ரெண்டு ஜாக்கும் உண்டு. ஆட்டோஃபோகஸ் நம்பகமானது. இதன் இ-மவுன்ட்டுக்கு மற்ற கம்பெனி லென்ஸ்களும் நிறையக் கிடைப்பது பெரிய பலம். பேட்டரி சின்னது, கேமராவை வேகமாகத் திருப்பினால் நேர்க்கோடுகள் சாய்ந்து தெரியும். 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறையில் பெரிய பேட்டரி, 10 பிட், 4கே-யில் விநாடிக்கு 60 ஃப்ரேம் எல்லாம் உண்டு. விலையும் அதற்கேற்ப கூடுதல்.

நிக்கான் இசட்30: 2022-ல் வீடியோ எடுப்பவர்களை மனசில் வெச்சு வந்தது. 4கே-யில் வெட்டு கிடையாது. பிடித்துக்கொள்ள நல்ல கிரிப். ரெக்கார்டிங் ஓடுதா என்று காட்டும் சிவப்பு விளக்கு முன்பக்கமே இருப்பது தனியாளுக்கு வரம். ஹெட்போன் ஜாக் இல்லை.

கேனான் ஆர்50: 2023-ல் வந்தது. 4கே-யில் வெட்டு இல்லை, ஆட்டோஃபோகஸும் முழுசாக வேலை செய்யும். முகத்தின் நிறம் எடுத்த எடுப்பிலேயே நன்றாக வருகிறது என்று கல்யாண வேலை செய்பவர்கள் கேனானை விரும்புவார்கள். இதிலும் ஹெட்போன் ஜாக் இல்லை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம்தான் ஓடும்.

சோனி இசட்.வி-1எஃப்: லென்ஸ் மாற்ற வேண்டாம், செல்ஃபி வீடியோ மட்டும் போதும் என்பவர்களுக்கு. 20 எம்.எம் அகலத்தில் பார்க்கும். ஆப்டிகல் ஜூம் கிடையாது.

பேனசோனிக் லூமிக்ஸ் ஜி7, ஜி85: செகண்ட் ஹேண்டில் மட்டும் பார்க்க வேண்டியவை. ரெண்டிலும் 4கே உண்டு. ஜி85-ல் பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு. ஆட்டோஃபோகஸ் வீடியோவில் முன்னும் பின்னும் தேடும். கையால் ஃபோகஸ் செய்யப் பழகத் தயாரான ஷார்ட் ஃபிலிம் ஆட்களுக்குச் சரி. தனியாக வ்லாக் போடுபவர்களுக்கு வேண்டாம்.

ரெண்டு மாடலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் லென்ஸ்களின் விலையை ஒப்பிடுங்க. நாலு வருஷத்தில் பாடியை மாற்றுவீர்கள். லென்ஸ் கூடவே வரும்.

அந்த மூணாவது பங்கு எதுக்கு?

படம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேசுவது புரியவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். உங்க போனில் நீங்களும் அதைத்தானே செய்றீங்க?

90,000 ரூபாய் பட்ஜெட் என்று வைத்துக்கொள்வோம். கேமரா, கிட் லென்ஸ் 60,000. மிச்சம் 30,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்:

மைக் - 8,000 முதல் 10,000 வரை: வயர்லெஸ் காலர் மைக் செட். கையைக் கடித்தால் போயா பி.ஒய்-எம்1 மாதிரி வயர் மைக் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கும். அதன் வயர் 6 மீட்டர் நீளம், அறைக்குள் பேச அது போதும். மைக் விலையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரலின் அழுத்தம் பாதியாகும். சீலிங் ஃபேன் சத்தமோ அப்படியே இருக்கும். விலை உயர்ந்த கேமராவின் உள் மைக் தோற்பதும், சட்டையில் குத்திய ஆயிரம் ரூபாய் மைக் ஜெயிப்பதும் இதனால்தான்.

லைட் - 7,000 வரை: ஒரு எல்.இ.டி லைட், அதன்மேல் ஒரு சாஃப்ட் பாக்ஸ். வாங்கும்போது சி.ஆர்.ஐ அளவு 95-க்கு மேல் இருக்கா என்று பாருங்க, அப்போதுதான் தோல் நிறம் பச்சை அடிக்காது. பகலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தால் இந்தச் செலவைக்கூட தள்ளிப்போடலாம்.

டிரைபாட் - 5,000 வரை: ஸ்டில் கேமரா ஸ்டாண்ட் வேண்டாம். மெதுவாகத் திரும்பும் வீடியோ ஹெட் உள்ளதாக வாங்குங்க.

கார்டு, கூடுதல் பேட்டரி - 5,000 வரை: ஒரிஜினல் வி30 கார்டு. அதாவது விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதக்கூடியது. விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் 12.5 மெகாபைட்தான் ஆகும், தாராளமாகத் தாங்கும். அந்தக் கணக்கில் 64 ஜி.பி கார்டில் ஏறக்குறைய 85 நிமிடம் அடங்கும். எடுத்ததைச் சேமிக்க ஹார்டு டிஸ்க், எடிட் செய்ய லேப்டாப் தாங்குமா என்பதையும் யோசிச்சுக்கோங்க.

மீதி - என்.டி ஃபில்டர்: கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ்! உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ 100-ல், ஷட்டரை 1/50-ல் வைத்து, லென்ஸை 2.8-க்குத் திறந்தால் படம் வெள்ளையாக வெளிறிவிடும். சுமார் 64-ல் ஒரு பங்காக வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். வெளியில் ஷூட் செய்பவர்களுக்கு இது அவசியம், அறைக்குள் எடுப்பவர்களுக்குத் தேவையில்லை.

மொத்த பட்ஜெட் 60,000-தான் என்றால் கேமராவுக்கு 40,000. அதற்குள் வரும் செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ்ஸோ காம்பேக்ட்டோ பாருங்க. மைக் பணத்தில் கைவைத்து புது பாடி வாங்காதீங்க.

செகண்ட் ஹேண்டா? இதைச் செக் பண்ணுங்க

பழைய கேமரா என்றதும் எல்லோரும் ஷட்டர் கவுன்ட்டைத்தான் கேட்பார்கள். வீடியோவுக்கு அது பாதிக் கதைதான். கல்யாண வீடியோவுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடிய கேமராவில்கூட ஷட்டர் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். வீடியோ ஓடும்போது ஷட்டர் அடிக்காதே!

* கார்டு போட்டு 20 நிமிஷம் தொடர்ந்து 4கே ஓடவிடுங்க. சூடாகி நிற்குதா, பேட்டரி எவ்வளவு இறங்குது என்று பாருங்க.
* ஸ்கிரீனைத் திறந்து, திருப்பி, மூடிப் பாருங்க. ஏதாவது ஒரு கோணத்தில் டிஸ்பிளே சிமிட்டினால் உள்ளே கேபிள் தேய்ந்திருக்கு.
* உங்க மைக்கையே எடுத்துட்டுப் போய் செருகுங்க. ஒயரை லேசாக அசைத்தால் கரகரப்பு வந்தால் ஜாக் லூஸ்.
* லென்ஸ் மூடியோடு இருட்டில் சில விநாடி ரெக்கார்டு பண்ணுங்க. நகராமல் நிற்கும் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் பிக்ஸல் போயிருக்கு.
* லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் அது ஃபங்கஸ். சென்னை மாதிரி ஈரப்பதமான ஊர்களில் இது சகஜம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புது கேமராவிலும் ஒரு எச்சரிக்கை. 'பில் இல்லாம எடுத்தா பத்தாயிரம் குறையும்' என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. பெட்டியில் இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயரும் எம்.ஆர்.பி ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க. ஜி.எஸ்.டி பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க. அது இல்லாமல் வாரன்ட்டி கேட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனால் திரும்பித்தான் வரணும்.

வாங்கியதும் மாத்த வேண்டிய ஒரு செட்டிங்

டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. கேமரா பழுதில்லை. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே எடுத்த டியூட்டோரியலைப் பார்த்து 30 ஃப்ரேம், 1/60 ஷட்டர் என்று வைத்தால் இங்கே பட்டை விழும். மெனுவில் என்.டி.எஸ்.சி என்று இருந்தால் பால் முறைக்கு மாற்றுங்க. விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. பெரும்பாலான விளக்குகளில் பிரச்னை தீர்ந்துவிடும். விலை மலிவான சில எல்.இ.டி பல்புகள் மட்டும் அப்போதும் மின்னும், அதை அணைச்சுடுங்க.

கடைசியா ஒண்ணு...

முடிவு பண்ணிய மாடலை வாங்கும் முன், வாடகைக்கு எடுங்க. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா ஆட்களுக்குக் கருவிகள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கு. மற்ற ஊர்களில் கல்யாண ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்க. ஒரு சனி, ஞாயிறு முழுக்க உங்க வீட்டு வெளிச்சத்தில், உங்க ஃபேன் சத்தத்தில், நீங்க வழக்கமாக எடுக்கும் வீடியோவையே எடுங்க. எடிட் செய்து, போன் ஸ்கிரீனில் பழைய வீடியோவுக்குப் பக்கத்தில் ஓடவிடுங்க.

வித்தியாசம் தெரிந்தால் தைரியமாக வாங்குங்க. தெரியவில்லை என்றால் ஒரு மைக்கும் லைட்டும் வாங்கிட்டு, மிச்சப் பணத்தை பேங்கிலேயே விட்டுடுங்க. ரெண்டு நாள் வாடகை போனாலும், பல மாச இ.எம்.ஐ மிச்சம்!